‘ஒரு ஜெராக்ஸ் போடணும்’: தகவல் தேவை என்றால் என்ன?

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் பெட்டி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். நகல் எடுப்பதோடு ஆன்லைனில் மனு போடுவது, தபாலுக்கு விலாசம் எழுதுவது, போனில் வந்த எஸ்எம்எஸ்ஸைப் படித்துச் சொல்வது எல்லாம் இங்கே நடக்கும். சில நாள் மெஷினை விட என் வாய்க்குத்தான் வேலை அதிகம்.

போன வருடம் நூலக அறிவியல் படிக்கும் பெண் ஒருவர் தன் ப்ராஜெக்ட்டைப் பிரிண்ட் எடுத்து பைண்டிங் போட வந்தார். மெஷின் சூடாகி நின்று நின்று ஓடிய நேரத்தில் நாலைந்து பக்கம் படித்துப் பார்த்தேன். பல்வேறு சமூகங்களின் தகவல் தேவைகளைப் பற்றியது. நான் தினமும் கவுண்டரில் பார்க்கிற சங்கதிக்கு யாரோ எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அவரிடம் கேட்டதும், அப்புறம் தேடிப் படித்ததுமாக எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். இந்தத் துறைக்குப் புதியவர்களுக்கு இது போதும். ஏற்கெனவே படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேட்பது ஒன்று, வேண்டியது ஒன்று

எழுபதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் ஒரு காலையில் வந்தார். கையில் மஞ்சப்பை. “தம்பி, இந்த வீட்டு வரி ரசீது ஒரு ஜெராக்ஸ் போடணும்” என்றார். போட்டுக் கொடுத்தேன். காசைக் கொடுத்தவர் போகவில்லை. ரசீதையும் நகலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதை வச்சு வீடு நம்ம பேர்ல இருக்குன்னு சொல்லிக்கலாமா?”

“யார்கிட்ட சொல்லணும் ஆச்சி?”

“சும்மா கேட்டேன்.”

சும்மா கேட்கிறவர்கள் பஸ்ஸை விடமாட்டார்கள். அவர் போகவேண்டிய பஸ் அப்போதுதான் கிளம்பிப் போனது. நாற்காலியை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் விஷயம் வந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக இருக்கிற பெரிய வீடு. அதில் பதினெட்டுப் பங்கு. சென்னையில் கொஞ்சம் பேர், கோயம்புத்தூரில் கொஞ்சம் பேர், கோலாலம்பூரில் இரண்டு குடும்பம். ஊரில் விளக்கேற்ற மிஞ்சியவர் இவர் ஒருவர்தான். முந்தின வாரம் யாரோ வந்து வளவில் நிற்கிற தேக்குத் தூண்களை டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“பங்காளி ஒருத்தர் பேசி முடிச்சிட்டாராம். என் கையெழுத்து இல்லாம வித்துப்புட முடியுமா தம்பி?”

அவர் கேட்க வந்தது இதுதான். வரி ரசீது இதற்குப் பதில் சொல்லாது. யார் வரி கட்டினார்கள் என்பதை அது காட்டும், வீடு யாருடையது என்பதைக் காட்டாது. அவருக்குத் தேவைப்பட்டது வில்லங்கச் சான்று, அந்தச் சொத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டுவது. பதிவுத்துறையின் தளத்தில் அதைக் காசில்லாமல் பார்க்கலாம், கையெழுத்துப் போட்ட நகல் வேண்டுமென்றால்தான் கட்டணம். அதோடு ஒரு விவரமும் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது: பாகம் பிரிக்காத சொத்தில் ஒருவர் தன் பங்கைத்தான் விற்கலாம், அடுத்தவர் பங்கையும் சேர்த்து விற்க முடியாது. பார்த்தோம், புதிதாக எந்தப் பத்திரமும் பதிவாகவில்லை. மேற்கொண்டு ஒரு வக்கீலைப் பார்க்கச் சொன்னேன். ஆச்சி கேட்டதை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் எனக்கு இரண்டு ரூபாய், அவருக்கு ஒரு காகிதம். அன்று இரவும் அவர் தூங்கியிருக்க மாட்டார்.

1968இல் ராபர்ட் டெய்லர் என்ற அமெரிக்க நூலக ஆய்வாளர் இதை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதலில் உள்ளுக்குள் ஒரு நெருடல். என்ன என்று தனக்கே தெரியாது, ஆனால் சரியில்லை என்று மட்டும் தெரியும். ஆச்சிக்குத் தூணை அளந்ததைப் பார்த்ததும் வந்தது அது. அடுத்து அந்த நெருடல் மனதுக்குள் ஒரு குழப்பமாக உருவம் எடுக்கும்: இந்தப் பங்காளி என்ன பண்ணுகிறார்? மூன்றாவது படியில் அது கேள்வியாகும்: என் கையெழுத்து வேண்டுமா, வேண்டாமா? நான்காவது படிதான் வேடிக்கை. எதிரே இருப்பவரிடம் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, கேள்வியைச் சுருக்கி, அவருக்கு ஏற்றபடி மாற்றிக் கேட்பது. ஜெராக்ஸ் கடைக்காரனிடம் ஜெராக்ஸ்தானே கேட்க முடியும்?

கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற யாராக இருந்தாலும், தாசில்தார் ஆபீஸ் ஆகட்டும், நூலகம் ஆகட்டும், மருந்துக் கடை ஆகட்டும், காதில் விழுவது பெரும்பாலும் அந்த நான்காவது படிதான். அங்கிருந்து மூன்றாவதுக்கு, முடிந்தால் இரண்டாவதுக்கு, கூடவே நடந்து திரும்பிப் போகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

‘சமூகம்’ என்றால்

எங்கள் பக்கத்தில் சமூகம் என்றவுடன் எல்லோரும் சாதியைத்தான் நினைப்பார்கள். இந்தத் துறையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். ஒரே மாதிரியான இடத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள், விடை தேடி ஒரே மாதிரியான வழியில் போகிறவர்கள், அவர்களெல்லாம் ஒரு சமூகம். கண்மாய்ப் பாசனத்தை நம்பி நடுகிறவர்கள் ஒன்று. வீட்டுக்காரர் மலேசியாவில் இருக்க இங்கே குடும்பத்தைப் பார்க்கும் பெண்கள் ஒன்று. ஆத்தங்குடியில் தரைக்கான பூக்கல் செய்கிறவர்கள் ஒன்று. பீகாரிலிருந்து வந்து சென்ட்ரிங் வேலை பார்க்கும் பையன்கள் ஒன்று. ஒரே ஆள் நாலு சமூகத்தில் இருப்பார். அந்த ஆச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் கணக்கில் ஒரு புள்ளி, வீட்டில் ஒரு பங்கு, வங்கியில் மூத்த குடிமகள், ஸ்மார்ட்போனில் எல்கேஜி.

பிறப்பும் இதில் வந்து கலக்கத்தான் செய்யும். நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள் என்பதால் பொதுவாக அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. அதிலும் இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பிக் கோயில்கள் என்பதால் அந்த இரண்டுக்குள்ளும் கிடையாது. ஜாதகமும் போட்டோவும் சம்பளமும் போட்டு ஒரு திருமணத் தளத்தை எவ்வளவு அழகாகச் செய்தாலும், ‘எந்தக் கோயில்’ என்ற ஒரு கட்டம் இல்லையென்றால் இங்கே அதை ஒரு நிமிடத்தில் மூடிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு சின்ன விவரம். உள்ளே இருப்பவருக்கு அதுதான் முதல் கேள்வி.

தகவல் ஒரு கூட்டத்துக்குள் மட்டும் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த ஊர்க்காரர்களின் பர்மா வரலாற்றிலேயே உதாரணம் இருக்கிறது. ரங்கூனில் மொகல் தெருவில் இருந்த தங்கள் கோயிலில் மாதம் ஒருமுறை கூடி, கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போன செட்டியார்கள் அந்த மாதத்துக்கான ‘நடப்பு வட்டி’யை முடிவு செய்தார்கள். ஒரே ஒரு எண்தான். ஆனால் எந்தக் கடையில் எவ்வளவு பணம் இருக்கிறது, எந்த மாவட்டத்தில் அறுவடை எப்படி என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இருந்தது. கடையை நடத்திய மேலாளும் அவருக்குக் கீழே இருந்த அடுத்தாளும் எழுதிய கடிதங்கள் அதைச் செட்டிநாடு வரை கொண்டுவந்தன. கடன் வாங்கிய பர்மிய விவசாயிக்கு அந்தக் கூட்டத்தில் இடம் இல்லை. 1930களில் நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938 வாக்கில் அது 25 பங்கு ஆகிவிட்டது. செட்டியார்களும் நிலத்தைக் கேட்டுப் போகவில்லை, பணத்தைத்தான் கேட்டார்கள். காரணம் விலைச் சரிவுதான், தகவல் மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. இருந்தாலும் ஒரே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் ஒருவருக்குச் சந்தையே தெரிந்திருந்தது, இன்னொருவருக்குத் தன் வயல் மட்டும் தெரிந்திருந்தது.

எது தகவல் என்று யார் முடிவு செய்வது என்பது தனிக் கேள்வி. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகம், பத்திரிகை என்று மட்டும் பார்க்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்து வைத்தார். அடுத்தவர் பழைய பேப்பர் கடைக்குப் போட்டது. 1992இல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அந்தக் கல்யாணப் பத்திரிகை கல்யாண நாள் வரை சொந்தக்காரர்களுக்குத் தகவல். எழுபது வருடம் கழித்து, யார் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார்கள் என்று தேடுகிற ஆய்வாளருக்குத் தகவல். நடுவில் இருந்த வருடங்களில் வெறும் காகிதம்.

ஒரே மழை

ஐப்பசியில் ஒரு மாலை, மறுநாள் கனமழை என்று செய்தி. கடையில் ஐந்து பேர் இருந்தார்கள். செய்தி ஒன்று. நடவு முடித்த அண்ணனுக்கு, ‘கண்மாய்க்குத் தண்ணி வருமா, கலுங்கு பாயுமா’, அதாவது கண்மாய் நிறைந்து வழியுமா, என்பது கவலை. மழை எத்தனை சென்டிமீட்டர் என்பதை வைத்து அவர் ஒன்றும் செய்ய முடியாது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேலே அடைபட்டிருக்கிறதா என்பதுதான் அவர் கேள்வி. ஆத்தங்குடியில் கல் போடுகிறவருக்கு, கண்ணாடியின் மேல் சாயம் ஊற்றி சிமென்ட் போட்டு எடுத்து, தண்ணீரில் ஊறவைத்த கல்லை நாளை வெளியே காயவைக்கலாமா என்பது கவலை. ஒரு அக்காவுக்குப் பள்ளிக்கூடம் உண்டா, இல்லையா. இன்னொருவருக்குக் கல்யாணப் பந்தல். ஐந்தாவது ஆள் எங்கள் கடைக்கு டோனர் கொண்டுவந்தவர், அவருக்கு தேவகோட்டைக்கு எத்தனை மணி வரை பஸ் என்று தெரிந்தால் போதும்.

பிரெண்டா டெர்வின் என்ற தகவல் தொடர்பு ஆய்வாளர் 1970களிலிருந்து சொல்லிவந்தது இதைத்தான். மனிதர்கள் தங்கள் பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். ஓர் இடத்தில் பள்ளம் வருகிறது. தாண்ட ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம்தான் அவர்களுக்குத் தகவல். ‘உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்’ என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது, ‘ஒன்றும் வேண்டாம்’ என்றுகூடச் சொல்வார்கள். ‘என்ன செய்யப் போனீர்கள், எங்கே நின்றுபோனது’ என்று கேட்டால் கொட்டுவார்கள். இதைப் படித்த மறுநாளிலிருந்து நானும் “என்ன வேணும்?” என்று கேட்பதை விட்டுவிட்டு “என்ன காரியமா வந்தீங்க?” என்று கேட்க ஆரம்பித்தேன். ஒரே ஒரு கேள்விதான் மாறியது. யாவாரம் கொஞ்சம் மந்தமாகிறது, ஏனென்றால் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள்.

பெரிய செய்திகளில் இந்தப் பள்ளம் கண்ணில் படுவதில்லை. 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாப் பேப்பரிலும் வந்தது, ஊருக்கே பெருமை. நெய்கிற ஒருவர் அந்தச் செய்தியை வெட்டி என்னிடம் லேமினேட் செய்ய வந்து, “இதனால கூலி கூடுமா?” என்று கேட்டார். அந்தச் செய்தியில் அதற்குப் பதில் இல்லை. குறியீட்டைத் தன் சேலையில் போட்டு விற்கவேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற பயன்பாட்டாளராகத் தனியே பதிவு செய்யவேண்டும் என்ற வரியும் அதில் இல்லை. வாங்குகிறவருக்கு எழுதிய செய்தி அது. நெய்கிறவர் அதை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்.

கேட்கவே கேட்காத கேள்வி

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு தங்கச்சி வந்தது. கடையில் ஆள் இருந்தது. ஆதார் ஜெராக்ஸ் என்றது, எடுத்துக் கொடுத்தேன். வெளியே போய் பஸ் ஸ்டாப்பில் நின்றது. கடை காலியானதும் மறுபடி உள்ளே வந்து இன்னொரு ஆதார் ஜெராக்ஸ் என்றது. அதே ஆதார். மூன்றாவது முறை நான் ஷட்டரைப் பாதி இறக்கியபோது வந்து, போனை நீட்டி, “அண்ணே, இதுல என்ன போட்டிருக்கு?” என்றது. குழுக்கடன் தவணை தவறியதற்கு வந்த மிரட்டல் மாதிரியான மெசேஜ். அதற்கு மேலே அதே எண்ணிலிருந்து இருபது மிஸ்டு கால், முந்தின ராத்திரி ஒன்பதரை வரை.

இந்த மாதிரி நுண்கடன் வாங்கியவர்களைக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டிருக்கிறது. மிரட்டுவதும் ஏசுவதும் கூடாது, சொந்தக்காரர்களையோ உடன் வேலை பார்ப்பவர்களையோ தொந்தரவு செய்வதும் கூடாது. அந்தத் தங்கச்சிக்கு மிகவும் வேண்டியிருந்த தகவல் இது. ஆனால் அதைக் கேட்கவேண்டுமானால், தவணை கட்டவில்லை என்பதை நாலு பேர் காதில் விழச் சொல்லவேண்டும். அந்த நாலு பேரில் ஒருவர் அதே குழுவில் இருப்பார்.

எல்ஃப்ரீடா சாட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் துப்புரவுப் பணியாளர்கள், முதியோர் குடியிருப்பில் வாழும் பெண்கள், சிறையில் இருந்த பெண்கள் என்று பொதுவாக யாரும் போய்ப் பேசாதவர்களிடம் போய்ப் பேசியவர். தகவல் வறுமை என்பதற்கு அவர் காட்டிய காரணங்களில் ஒன்று என்னை உலுக்கியது. அருகில் தகவல் இருந்தாலும், கேட்டால் தனக்குக் கெடுதல் வரும் என்று நினைக்கிறவர்கள் கேட்க மாட்டார்கள். மறைப்பார்கள், சும்மா இருப்பார்கள், எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்வார்கள். எனவே ‘எங்களிடம் யாரும் வந்து கேட்கவில்லை’ என்று ஓர் அலுவலகம் சொன்னால், தேவை இல்லை என்று ஆகிவிடாது. கவுண்டர் இருக்கும் இடமே தவறாக இருக்கலாம். என் கடையில் கவுண்டர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து இருந்தது. இப்போது கம்ப்யூட்டரை உள்பக்கம் திருப்பிப் போட்டு, நாற்காலியையும் உள்ளே தள்ளிவிட்டேன். இந்தத் துறையில் நான் செய்த ஒரே சீர்திருத்தம் இதுதான். செலவு, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

யார் வாயிலிருந்து வருகிறது

சீர்காழியில் 1892இல் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நூலகத்துக்கு வராதவரிடம் நூலகம் போகட்டும் என்ற எண்ணம். தகவலைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு அந்த வண்டியும் அதை ஓட்டியவரும் நினைவுக்கு வருவார்கள். வண்டிக்காரர் எந்தத் தெருவில் நிறுத்துவார் என்பது புத்தகத்தின் தலைப்பு அளவுக்கு முக்கியமில்லையா?

செட்டிநாட்டு ஊர்களில் ஒரு காலத்தில் பர்மா, மலாயாவிலிருந்து வரும் கடிதத்தைத் தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து படித்துச் சொல்வார். குடும்பத்தின் நல்லது கெட்டது அவருக்குத்தான் முதலில் தெரியும். ஊர்ச் செய்தியைத் தண்டோரா போட்டார்கள். எல்லோர் காதிலும் விழுந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பறையை அடிக்கும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டியிருந்தார்கள். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோராவை நிறுத்தச் சொன்னது, ஒலிபெருக்கி இருக்கும் காலத்தில் அது எதற்கு என்று. நல்ல முடிவு. தகவல் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் பார்த்தால் தண்டோராவில் ஒரு குறையும் தெரியாது. யார் முதுகில் ஏறிப் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால்தான் தெரியும்.

இப்போது தபால்காரர் இடத்தில் மச்சான் இருக்கிறார். சிங்கப்பூர் வேலைக்குப் போகிற பையன்கள் ஏஜென்ட் சொல்வதைக் கேட்பார்கள், அதை அங்கே ஏற்கெனவே இருக்கும் மச்சானிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். மச்சான் போனது எட்டு வருடத்துக்கு முன்னால். விதி மாறியிருக்கும். அந்த நாட்டின் மனிதவள அமைச்சகம் வேலை அனுமதிக்கு முன் அனுப்பும் ஒப்புதல் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் இருக்கும், தொழிலாளியின் தாய்மொழியிலும் அதன் பிரதி உண்டு. கடைக்கு வரும் பையன்களில் பாதிப் பேரிடம் இங்கிலீஷ் பக்கங்கள் மட்டும்தான் இருக்கும். தமிழ்ப் பக்கம் எங்கே என்று கேட்டால், ‘அது வேணாம்னு ஏஜென்ட் எடுத்துட்டாரு’ என்பார்கள். நான் சொன்னால் நம்பமாட்டார்கள். மச்சானை விட்டுச் சொல்லச் சொன்னால் நம்புவார்கள். எனவே மச்சானுக்கே போன் போட்டு அவரைக் கேட்கவைப்பேன். சுற்று வழிதான், ஆனால் இந்த ஊரில் நேர் வழி அதுதான்.

பீகார்ப் பையன்களுக்கு அந்த மாதிரி மச்சானும் இல்லை. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது. சொந்த ஊர்க் கார்டு எண்ணை வைத்து இங்கே கடையில் ரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். அதைப் பற்றிய அறிவிப்பு தமிழில் இருக்கிறது. பஸ் போர்டையே நிறத்தை வைத்து அடையாளம் கண்டு ஏறுகிறவர்கள் அவர்கள். மேஸ்திரி சொன்னால் உண்டு.

1998இல் புதுச்சேரி கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, முதலில் ஊராரிடம் போய் என்ன வேண்டும் என்று விசாரித்தது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை, நாளை அலை எவ்வளவு உயரம் எழும் என்பது தேவைப்பட்டது. அந்தக் கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் தளத்தில் இருந்தது. அதை இறக்கி, தமிழில் சொல்லி, கரையில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு, பலருக்குத் தெரியாது. 2005ஆம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் தகவலை வெளியிடவேண்டும் என்கிறது. அதோடு நிற்காமல், உள்ளூர் மொழியையும் அந்தப் பகுதியில் எந்த வழி நன்றாகப் போய்ச் சேருமோ அதையும் கணக்கில் எடுத்து வெளியிடவேண்டும் என்கிறது. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தில் கொண்டுவர அலுவலர் உதவவேண்டும் என்றும் 6ஆம் பிரிவில் இருக்கிறது. எதற்குக் கேட்கிறாய் என்று காரணமும் கேட்கக்கூடாது. வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் அலுவலரை நான் இன்னும் பார்த்ததில்லை. எழுதிக் கொடுக்க எங்களை மாதிரிக் கடைகள் இருப்பதால் அவர்களுக்கும் சௌகரியம்.

என் போர்டு

அடுத்தவரைச் சொல்லிக்கொண்டே போனால் எப்படி? என் கதைக்கு வருகிறேன். போன சம்பா பருவத்தில் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கியது. நல்ல காரியம் செய்கிறோம் என்று ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக் கடை வாசலில் கட்டினேன். ‘பயிர்க் காப்பீடு செய்யப்படும். பட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்துடன் வரவும்.’ பச்சை நிறம், நெற்கதிர்ப் படம். முதல் நாலு நாள் இரண்டு பேர் வந்தார்கள். ஐந்தாம் நாள் உரக்கடைக்காரரிடம் வாய் வார்த்தையாகச் சொல்லிவைத்தேன். மறுநாளே கூட்டம். சரி, வாய்தான் ஜெயிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசித் தேதி முடிந்து ஒரு வாரம் கழித்து, தினமும் கடை வழியாகச் சைக்கிளில் போகிற ஓர் அண்ணன் டீ குடிக்க நின்றார். அடுத்தவர் நிலம் மூன்று ஏக்கரை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, உழுகிறவர்.

“காப்பீடு போட்டாச்சாண்ணே?”

“நமக்கு ஏது தம்பி. பட்டாவோட வரணும்னு நீதான எழுதியிருக்க.”

போர்டை அவர் முதல் நாளே படித்திருக்கிறார். படித்துப் புரிந்துகொண்டுதான் வராமல் இருந்திருக்கிறார். வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவர்களும் அந்தக் காப்பீட்டில் சேரலாம், பயிர் செய்வது அவர்தான் என்று விஏஓ கொடுக்கும் அடங்கல் இருந்தால். சொந்த நிலம் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதினேன், ஏனென்றால் அதுவரை என்னிடம் வந்தவர்கள் அவர்கள்தான். வராதவர் யார் என்று யோசிக்கவே இல்லை. உரக்கடையிலும் அதே வாசகத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வருடத்துக்கு ஃப்ளெக்ஸ் புதிதாக அடிக்கவில்லை. பழையதிலேயே ‘பட்டா’ என்ற சொல்லின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, ‘வாரம், குத்தகைக்கு உழுபவர்களும் வரலாம்’ என்று மார்க்கரில் எழுதியிருக்கிறேன். எழுத்து கோணல்தான். ஒட்டி முடித்ததும் அந்த அண்ணனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, “அடங்கல் கேட்டா நிலத்துக்காரர் கோவிச்சுக்க மாட்டாரா?” என்றார். அதற்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.